கோகிலவாணி அட்டெண்டர்

ஜூன் 13, செவ்வாய்

நேற்று காலை 11.42க்குப் பெண் குழந்தை. ஏழு மாதம்கூட நிறையவில்லை. எடை ஆயிரத்து எண்பது கிராம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்ததை ஒரு நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றி எனக்கு இரண்டு விநாடி காட்டிவிட்டு லிஃப்டுக்குள் கொண்டுபோய்விட்டார். முகம் பார்த்தீங்களா என்று வாணி கேட்டாள். பார்த்தேன் என்றேன். பார்த்தது துணியை.

நுரையீரல் இன்னும் முதிரவில்லையாம். மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுக்கிறார்கள். ஒரு மாதம் தாண்டிவிட்டால் நம்பலாம், அதுவரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஒரு மாதம் என்றால் ஜூலை 12. நான் கோபி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று பதினொரு வருடமாக எழுதுகிறவன். தேதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிடும். அதற்காகத்தான் இந்த நோட்டு. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

ஒரு விஷயம் எழுதிவைக்க வேண்டும். பிறந்து அரை மணி நேரத்தில் சென்னியப்பண்ணன் போன் செய்தார். 1.10 வண்டி டிரைவர். "என்னப்பா ஆச்சு?" என்றார். "பொண்ணுங்ணா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் ஸ்டாண்டே கைதட்டியது போனில் கேட்டது. அதற்குமேல் எப்படித் திருத்துவது?

ஜூன் 14, புதன்

இந்த ஆஸ்பத்திரியின் ஏற்பாடு இப்படி. குழந்தைகள் இரண்டாம் மாடியில், கண்ணாடிக்குள். தாய்மார்கள் அதை ஒட்டிய ஹாலில் தங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை. கீழே தகரக் கொட்டகை, சிமெண்ட் பெஞ்சு. மத்தியானம் இரண்டரைக்கு மாடிப்படிக் கதவருகே வாணியைப் பார்த்துச் சாப்பாடு கொடுக்கலாம். நாலிலிருந்து ஐந்து வரை கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்க்கலாம். மற்ற நேரம் மைக்கில் கூப்பிட்டால்தான் மேலே போகலாம். "கோகிலவாணி அட்டெண்டர், மேல வாங்க" என்பார்கள். என் பெயர் நல்லசிவம். அது இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

ஹாலில் பதினெட்டுப் பெண்கள் இருக்கிறார்களாம். ஒருவரை ஒருவர் குழந்தையின் எடையைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்களாம். பிறந்த எடைதான் பேர். "நான் ஆயிரத்து எம்பதுங்க. எனக்குப் பக்கத்துப் பாய் தொள்ளாயிரத்து இருவது, பரிமளான்னு பேரு, சங்ககிரிப் பக்கம்" என்றாள் வாணி. சொல்லும்போது சிரித்தாள். ஆபரேஷன் ஆகி இரண்டு நாள்தான் ஆகிறது. எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியவில்லை.

ஜூன் 15, வியாழன்

இன்று முதல் டியூட்டி. காலை ஐந்திலிருந்து ஒரு மணி. வாணியும் குழந்தையும் மாமியார் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். குழந்தை யார் ஜாடை என்று கேட்டார்கள். அம்மா ஜாடை என்றேன். முடி நிறைய இருக்கிறதா என்றார்கள். நிறைய என்றேன். தலையில் வெள்ளைக் குல்லாய் போட்டிருப்பதால் முடி இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு மணிக்கு ரிஜிஸ்டரை ஒப்படைத்துவிட்டு, பின்பக்கம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி இருக்கிற டவுனுக்குப் போகும் 1.10 வண்டியில் ஏறினேன். வண்டி கிளம்பியது 1.17. ஏழு நிமிடம் லேட். சென்னியப்பண்ணன் முப்பது வருட சர்வீஸ். இப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை. டீக்கடைப் பேச்சு அதிகமாகிவிட்டது போல.

ஜூன் 16, வெள்ளி

எடை 1020. இறங்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்றார்கள். பயப்படவில்லை.

1.10 வண்டி கிளம்பியது 1.19.

ஜூன் 17, சனி

கொட்டகையில் இருக்கும் ஆண்களைப் பற்றி எழுதலாம். பன்னிரண்டு, பதின்மூன்று பேர். பெயர் தெரியாது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் எனக்கு எதிர் பெஞ்சு. தறி ஓட்டுகிறவர். பரிமளாவின் வீட்டுக்காரர் என்று வாணி சொல்லித்தான் தெரியும். இன்று மூன்று மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று பேசினோம். இந்த வருடம் வெயில் அதிகம் என்றார். ஆமாம் என்றேன்.

மைக் கரகரத்தால் மட்டும் எல்லாருடைய பேச்சும் நின்றுவிடுகிறது. பெயரைச் சொன்னதும் ஒருவர் ஓடுவார். மற்றவர்கள் செல்போனைப் பார்ப்போம். அவர் திரும்பி வந்தால் என்ன என்று கேட்பதில்லை. மருந்துச் சீட்டு கையில் இருந்தால் சரி, மருந்துதான் என்று நாங்களாகவே தெரிந்துகொள்வோம்.

வாணி மட்டும் ஒவ்வொரு நாளும் பதினெட்டு வீட்டுக் கதையோடு வருகிறாள். யாருக்கு மாமியார் கொடுமை, யாருக்கு ரத்தம் இல்லை, யார் ராத்திரி அழுதாள், யார் கட்டிக்கொண்டு படுத்தாள். இத்தனை கவலைக்குள் இன்னும் பதினேழு கவலையைச் சேர்த்துக்கொண்டு ஒருத்தி எப்படித் தெளிவாக இருக்க முடியும்? நான் யார் கவலையையும் வாங்கவில்லை. எனக்குத்தான் நெஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. வாயுத் தொல்லை.

ஜூன் 19, திங்கள்

இன்று வந்த கோபத்தை எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

வாணி கதவருகே வந்ததும், "பரிமளா வீட்டுக்காரருக்கும் உங்களாட்டவேதானுங்க" என்றாள். என்ன என்னாட்டம் என்றேன். குழந்தை தங்குவதற்கு முன்னால் நான் கொடுத்த டெஸ்ட். எண்ணிக்கை குறைவு என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அந்த விஷயம் எனக்கும் வாணிக்கும் அந்த டாக்டருக்கும் மட்டும் தெரியும். என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அதை ஹாலில் பாய் போட்டு உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள்.

"உனக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதா?" என்றேன்.

"ஏனுங்க, எல்லாரும் அவங்கவங்க கஷ்டத்தச் சொன்னாங்க. நானும் சொன்னேன். அதுல என்னங்க?"

"என்னோடத எதுக்குச் சொன்னே?"

"உங்களோடது எனக்கு இல்லீங்களா? எட்டு வருசம் மலடின்னு கேட்டது நானு."

 சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கொட்டகையில் நீலச் சட்டைக்காரர் இருந்தார். என்னைப் பார்த்தார். அவருக்கும் அவர் பெண்டாட்டி சொல்லியிருப்பாள் இல்லையா? என் சங்கதி அவருக்கும் அவர் சங்கதி எனக்கும் தெரியும். தெரியும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். மேட்டூரில் ஒரு அடி குறைந்திருக்கிறது என்றார். பேப்பரில் பார்த்தேன் என்றேன்.

ஜூன் 20, செவ்வாய்

எடை 990. வாணியிடம் பேசவில்லை. தூக்கை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 21, புதன்

எடை 1000. பேசவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நெஞ்சுக்கூடு மட்டும் ஏறி இறங்குகிறது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை என்று எண்ணினேன். நாற்பத்தெட்டு வரை எண்ணியபோது கண்ணாடி மங்கலாகிவிட்டது. ஏசி போட்ட அறை, வெளியே வெயில், அப்படித்தான் மங்கும்.

1.10 வண்டி 1.21க்குக் கிளம்பியது. இனியும் பொறுக்க முடியாது. ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் குறித்துவிட்டேன். சென்னியப்பண்ணனுக்கு ஒரு நாள் விளக்கம் கேட்டு ஓலை வரும். வரட்டும்.

ஜூன் 23, வெள்ளி

பரிமளாவின் குழந்தை போய்விட்டது.

மூன்று மணி இருக்கும். "பரிமளா அட்டெண்டர், மேல வாங்க" என்று மைக். நீலச் சட்டைக்காரர் போனார். அரை மணி கழித்து இறங்கி வந்தார். கையில் சீட்டு இல்லை. நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். ஒருவர் வேனுக்குப் போன் செய்தார். நான் மாடிக்கு ஓடி அவர்களுடைய பையையும் வாளியையும் எடுத்து வந்தேன். பரிமளாவைக் கைத்தாங்கலாகப் பெண்கள் கூட்டிவந்தார்கள். நீலச் சட்டைக்காரர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார். டீ அப்படியே இருந்தது.

வேன் கதவைச் சாத்தும்போது நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "சங்ககிரி ரோட்டுல பாலம் வேலை நடக்குதுங்க. சுத்திப் போகச் சொல்லுங்க, நேர் ரோட்டுல போனா முக்கால் மணி நேரம் ஆகிப்போகும்" என்றேன்.

மடியில் செத்த குழந்தையை வைத்திருக்கிறவரிடம் நான் ரூட் சொன்னேன். அவர் சரிங்க என்று தலையாட்டினார்.

ஜூன் 24, சனி

வாணியிடம் பேசிவிட்டேன். அதாவது அவள் பேசினாள், நான் நின்றேன்.

நேற்று உள்ளே நடந்ததைச் சொன்னாள். பரிமளாவை நடுவில் உட்கார வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அழுதார்களாம். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலியில் துடித்திருக்கிறாள். குழந்தை இல்லை, பால் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு பேர் வெந்நீர்த் துணி வைத்து அமுக்கிப் பாலை எடுத்து, துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார்களாம். அப்புறம் ஐந்து மணி ஆகிவிட்டது, தங்கள் தங்கள் குழந்தைக்குப் பால் எடுக்கப் போய்விட்டார்களாம்.

"அதெப்படிப் போக முடிஞ்சுது?" என்றேன்.

"போகாம? பாப்பாவுக்குப் பசிக்குமில்லீங்க."

"அதில்ல. மனசு எப்படி..."

"அழுதாச்சுல்லங்க" என்றாள், ஏதோ சாப்பிட்டாச்சுல்ல என்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எல்லாரும் கீழ என்ன பண்ணீங்க?" என்றாள்.

வேன் பிடித்தோம் என்றேன்.

ஜூன் 25, ஞாயிறு

எதிர் பெஞ்சில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அது அவருடைய இடம் இல்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. நல்லவேளை.

ஜூன் 26, திங்கள்

இன்று ஒரு கேவலம். யாருக்கும் தெரியாது, அதனால் இங்கே மட்டும்.

ஒரு மணிக்கு முகம் கழுவிவிட்டு வந்து வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கொஞ்சம் கண்ணசந்துவிட்டது போல. கண்டக்டர் தட்டி எழுப்பி, "டைம் கீப்பரே, கடைசி ஸ்டாப்" என்றார். இறங்கினால் சத்தியமங்கலம். டவுனுக்கு நேர் எதிர்த்திசை. பதினொரு வருடமாக எந்த வண்டி எங்கே போகிறது என்று ஊருக்கே சொல்கிறவன், பிளாட்பாரம் மாறி ஏறியிருக்கிறேன். திரும்பி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது 5.35. கண்ணாடியில் திரை போட்டுவிட்டார்கள். வாணி மத்தியானச் சாப்பாடு இல்லாமல் இருந்திருக்கிறாள். இல்லை, தொள்ளாயிரத்து ஐம்பதின் வீட்டுச் சாப்பாட்டில் பங்கு கிடைத்ததாம்.

கொஞ்சம் அசதி. தூங்கினால் சரியாகிவிடும். தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது, படுத்தால் மைக் சத்தம் காதில் கேட்கிறது.

ஜூன் 28, புதன்

2.05க்கு "கோகிலவாணி அட்டெண்டர், மேல வாங்க."

எத்தனை படி ஏறினேன் என்று நினைவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறது, மருந்தை மாற்றியிருக்கிறோம், இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார். அவ்வளவு சின்ன உடம்பு தாங்குமா என்று கேட்டேன். "பாக்கலாங்க" என்றார்.

கீழே இறங்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து யோசித்தேன். வாணிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பால் வற்றிவிடும். இரண்டு நாள் நான் ஒருவனாகத் தாங்கிக்கொண்டால் போதும். இரண்டரைக்குக் கதவருகே நின்றேன். வாணி தலை பின்னிப் பவுடர் பூசி வந்தாள்.

"டாக்டரம்மாவப் பாத்தேன். பாப்பா நல்லா இருக்காளாம்" என்றேன்.

"ஆமாங்க. நல்லா இருக்கா" என்றாள்.

சமாளித்துவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு தெம்பு. அந்த நேரம் பார்த்து அவள் பின்னாலிருந்து ஒரு பெண் தலையை நீட்டி, "அக்கா, கிருமி விசயத்த அண்ணங்கிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றாள். வாணி திரும்பி முறைத்தாள். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"வெடியால ஆறு மணிக்கே தெரியுமுங்க. ரவுண்ட்ஸ்ல சொன்னாங்க."

"அப்புறம் எதுக்கு மறைச்சே?"

"நீங்க தாங்க மாட்டீங்க."

நானா என்று கேட்டேன். நானா தாங்க மாட்டேன்? வாணி கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"முந்தாநாளு சோத்து நேரத்துக்கு வரவே இல்லை. நேத்துத் தூக்குல சோறு வெக்காமக் காலித் தூக்கக் குடுத்துட்டுப் போனீங்க. இப்பச் சட்டையத் திருப்பிப் போட்டுட்டு நிக்கறீங்க. தையல் எல்லாம் வெளிய தெரியுது, பாருங்க."

பார்த்தேன். உண்மைதான். காலை ஐந்து மணியிலிருந்து அப்படித்தான் விசில் ஊதியிருக்கிறேன்.

"எனக்கு உள்ள பதினேழு பேரு இருக்காங்க. நான் விழுந்தாத் தூக்கிருவாங்க. உங்களுக்கு யாருங்க இருக்காங்க?"

"பஸ் ஸ்டாண்டே இருக்குது எனக்கு."

"அவங்களுக்குத் தெரியுமா, பாப்பா இப்படி இருக்கறது?"

 வாணி கதவுக் கம்பி வழியாகக் கையை விட்டு என் காலரைச் சரிசெய்தாள். திருப்பிப் போட்ட சட்டையின் காலரைச் சரிசெய்து என்ன பிரயோஜனம்? "சென்னியப்பண்ணன் நம்பர் குடுங்க" என்றாள். கொடுக்க மாட்டேன் என்றேன். "எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 29, வியாழன்

லீவு போட்டுவிட்டேன். காலையிலிருந்து கொட்டகையில். குழந்தை அப்படியே இருக்கிறது என்கிறார்கள். அப்படியே என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்டேன். அப்படியேதான் என்றார் நர்ஸ்.

மத்தியானம் சென்னியப்பண்ணன் வந்தார். காக்கிச் சட்டை, கையில் டிபன் கேரியர். பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடு" என்றார்.

"வாணி கூப்பிட்டுச்சாங்ணா?"

"நேத்துப் பொழுதோட கூப்பிட்டுச்சு. ஆனா எங்களுக்கு மொத வாரமே தெரியுமப்பா. நம்ம கண்டக்டர் ராசு, அவன் சித்திய இங்க பாக்க வந்தவன், உன்னய இந்த பெஞ்சுல பாத்துட்டு வந்து சொன்னான்."

"அப்ப ஏன் ஒருத்தரும் கேக்கலை?"

"நீ சொல்லலையே."

 அவர் குழம்பை ஊற்றினார். "உனக்காகத்தான் வண்டிய நிறுத்தி வெச்சுட்டிருந்தோம். நீ குழாயடியில மூஞ்சி கழுவிட்டு வர்றதுக்குப் பத்து நிமிசம் ஆகுது. அதை விட்டா அடுத்த வண்டி ரெண்டேகால். அப்புறம் நீ எப்ப வந்து அம்மிணிக்குச் சோறு குடுக்கறது? திங்கக்கிழம மட்டும் பதினஞ்சு நிமிசம் நின்னேன். நீ சத்தி வண்டில எதிர்த்தாப்புலப் போயிட்டிருந்தே."

"நான் சிவப்பு மையில எழுதினனேங்ணா."

"பாத்தேன். டிராபிக்குன்னு விளக்கம் எழுதிக் குடுத்துட்டேன்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் கத்தினேன். தெரிந்துகொண்டே முடி இருக்கிறதா, யார் ஜாடை என்று எதற்குக் கேட்டீர்கள் என்று கத்தினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வேற என்னத்தக் கேக்கறதப்பா? நீ அத்தன ஆசையாச் சொல்லிட்டிருந்தே" என்றார்.

பிறகு கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். கேட்டுக்கொண்டே பெஞ்சில் சாய்ந்தேன். விழித்தபோது மணி ஐந்தே கால். மைக்கில் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் ஒரு ஸ்டாண்டே எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. அது பிரியமா, கோழைத்தனமா? வாணியின் பதினேழு பேர் ஒரே நாளில் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுகிறார்கள். எங்களுக்கு வண்டியை லேட்டாக எடுக்கத்தான் தெரிகிறது. எது உசத்தி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேசியிருந்தால் சத்தியமங்கலம் போயிருக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

ஜூலை 1, சனி

கிருமி குறைந்திருக்கிறது. எடை 1090. பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். வாணியிடம் பெருமையாகச் சொன்னால் அவளுக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது.

ஜூலை 4, செவ்வாய்

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். வாணிக்குப் பால் கட்டிக் காய்ச்சல். இதைச் சென்னியப்பண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். சொல்லி முடித்த பிறகு என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வெச்சிரட்டுமா என்றார். வெச்சிருங்க என்றேன். ஆனாலும் சொன்னேன்.

ஜூலை 5, புதன்

மூன்று மணிக்குக் கொட்டகைக்குள் நீலச் சட்டைக்காரர் வந்தார். வேறு சட்டை போட்டிருந்தார். எதிர் பெஞ்சில் ஆள் இருந்ததால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சர்டிபிகேட் வாங்க வந்தேன் என்றார். வாங்கியாச்சுங்களா என்றேன். காலையிலேயே வாங்கிவிட்டாராம். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதற்கப்புறமும் ஏன் இங்கே இருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

மேட்டூரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். "அன்னைக்கு வேன்கிட்ட உங்ககிட்டப் போய்ப் பாலம் வேலை, சுத்திப் போங்கன்னு சொல்லிட்டனுங்க. பன்னெண்டு நாளா அதையே நெனச்சிட்டிருக்கேன். மன்னிச்சுக்கங்க."

"அப்படியா சொன்னீங்க? எனக்கு ஒண்ணுமே காதுல விழலீங்களே. நீங்க பையும் வாளியும் எடுத்துட்டு வந்தீங்க. அது ஞாபகம் இருக்குது."

"வீட்டுல எப்படி இருக்காங்க?"

"பரிமளாவா? தேவலைங்க. அக்கா தங்கச்சி, அக்கம்பக்கம், எல்லாரும் வந்து வந்து உக்காந்து பேசறாங்க. இங்க அவகூட இருந்த அக்காளுங்க எல்லாரும் தெனமும் போன் பண்றாங்க. உங்க வீட்டம்மாகூடப் பண்ணுனாங்க." கையில் இருந்த சர்டிபிகேட்டை நாலாக மடித்தார். திரும்பப் பிரித்தார். "வர்றவங்க எல்லாரும் போறப்ப என்ற தோள்ல தட்டி, அவளப் பாத்துக்கப்பான்னு சொல்லிட்டுப் போறாங்க. பாத்துக்கறேன்னு சொல்றேன். நாலு நாளாத் தறிக்கும் போகலீங்க. தறிச் சத்தத்துல நிக்க முடியல. எங்க போறதுன்னு தெரியாம பஸ் ஏறுனேன். இங்க வந்து நிக்கறேன்."

நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம். இந்த முறையும் வாயில் ரூட்தான் வரும் என்று பயமாக இருந்தது. அதையே சொன்னேன். "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க. எனக்கும் பயமாத்தான் இருக்குது. குழாய எடுத்துட்டாங்க, நல்லா இருக்கான்னு சொல்றாங்க. ஆனா இப்பத்தான் எனக்கு மைக் கரகரத்தாலே எந்திரிச்சு ஓடிரலாம்னு இருக்குது. கிருமின்னு சொன்னப்பக்கூட இப்படி இல்ல."

சொல்லிவிட்டு அழுதேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் குழந்தை பிழைத்து மேலே இருக்கிறது. குழந்தையைப் பறிகொடுத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்குமுங்க, இருக்குமுங்க" என்கிறார். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது? பிறகு அவரும் அழுதார். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரும் செல்போனைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்து வந்து அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். 

கிளம்பும்போது, "நாளைக்கும் வரட்டுங்களா? இங்க உனக்கு என்ன வேலைன்னு யாரும் கேக்க மாட்டாங்கல்லங்க?" என்றார்.

"வாங்க. ரெண்டரைக்கு மேல வாங்க, நான் இருப்பேன்" என்றேன். பெயர் கேட்டேன். அர்த்தநாரி.

ஜூலை 6, வியாழன்

அர்த்தநாரி சொன்னபடி வந்தார். நான் வாணிக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று வாட்ச்மேன் தூக்கை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து அதை அர்த்தநாரியிடம் சொன்னேன். எங்க வீட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சுங்க, மூணாம் நாள் விட்டுரும் என்றார். பரிமளாவுக்கு இன்னமும் பால் நிற்கவில்லை என்றார். இதையெல்லாம் ஓர் ஆம்பிளையும் இன்னொரு ஆம்பிளையும் உட்கார்ந்து பேசுவோம் என்று போன மாதம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

3.20க்கு மைக் கரகரத்தது. "கோகிலவாணி அட்டெண்டர், உடனே மேல வாங்க."

உடனே என்று இதுவரை சொன்னதில்லை. எழுந்தேன். திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அர்த்தநாரி என் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினார். ஏறுங்க என்றார். அந்தப் படியில் அவர் கடைசியாக ஏறியது எதற்கு என்று எனக்குத் தெரியும். அவர் நிற்கவே இல்லை. இரண்டு மாடியும் என்னை இழுத்துக்கொண்டே ஓடினார்.

நர்ஸ் கதவைப் பாதி திறந்தார். "ஏனுங்க இப்படி மூச்சு வாங்கறீங்க? பயப்பட ஒண்ணுமில்ல. அம்மாவுக்குக் காய்ச்சல் இருக்குது, உள்ள விட முடியாது. இன்னைலருந்து பாப்பாவ ஒரு மணி நேரம் வெறும் நெஞ்சுல படுக்க வெச்சுக் கதகதப்புக் குடுக்கணும். அப்பா வந்தாப் போதும். கை கால் கழுவிட்டுச் சட்டையக் கழட்டிட்டு உள்ள வாங்க."

எனக்கு இன்னும் மூச்சு வாங்கியது. அர்த்தநாரிக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நர்ஸ் புதிதாக வந்தவர். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இதுல யாருங்க அப்பா?"

அர்த்தநாரி வாயைத் திறந்து மூடினார். பிறகு என் முதுகில் கையை வைத்து என்னை முன்னால் தள்ளிவிட்டார்.